ஒரே தெரு, நான்கு வரித் தொகைகள்: டெக்சாஸின் வீட்டு வரி விலக்குகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணித்தால் கில்லீன் என்ற ஊர் வரும். அது ரயில் பாதையை ஒட்டி எழுந்த சிற்றூராக இருந்தது. 1942-ல் அமெரிக்க ராணுவம் அதன் அருகே ஹூட் முகாமை அமைத்த பிறகு ஊரின் தலையெழுத்தே மாறியது. பின்னாளில் ஃபோர்ட் ஹூட் என்று நிலைபெற்று, 2023-ல் ஃபோர்ட் கவாசோஸ் என்று பெயர் மாற்றப்பட்டு, 2025-ல் மீண்டும் ஃபோர்ட் ஹூட் ஆன அந்தப் படைத்தளத்தைச் சுற்றி வளர்ந்த கில்லீனில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,53,000-க்கும் மேற்பட்டோர் வசித்தனர். படையிலிருந்து ஓய்வு பெறுபவர்களில் பலர் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிடுகிறார்கள். கூடப் பணியாற்றியவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். வீட்டு விலை ஆஸ்டினைவிடக் குறைவு. முன்னாள் படைவீரர்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை அதே பெல் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), டெம்பிள் நகரில் இருக்கிறது.

வீட்டு உரிமையாளர்களுக்கான சொத்து வரி விலக்குகளை ஆராய இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாதாரணக் குடும்பம், முதியவர், உடல்திறன் இழந்த முன்னாள் படைவீரர், படைவீரரின் விதவை என விலக்குச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் இங்கே ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கின்றன. விலக்கினால் குறையும் வருவாயை யார் சுமப்பது என்ற கேள்வியும் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே கூர்மையாக எழுகிறது. விலக்கின் அளவைத் தேவை தீர்மானிப்பதைவிடப் பிரிவும் தேதியும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்பதும், மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தந்த ஒரு நன்றிக்கடனின் செலவு ஒரு சில ஊர்களின் மீது மட்டும் இறங்கியிருக்கிறது என்பதும் இந்த ஆய்வில் நான் எடுத்துவைக்கும் கருத்துகள்.

வரி எப்படி உருவாகிறது

டெக்சாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. மாநில அரசு தனக்கென்று சொத்து வரி வசூலிப்பதையும் மாநில அரசியலமைப்பு தடை செய்கிறது. எனவே பொதுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம், நகராட்சி, கவுன்ட்டி, சில இடங்களில் சமுதாயக் கல்லூரி, குடிநீர் மாவட்டம் ஆகிய உள்ளூர் அமைப்புகளே வீட்டின் மீது தனித்தனியாக வரி விதிக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு உரிய விகிதத்தை 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று நிர்ணயிக்கும். இவற்றில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது.

வீட்டின் மதிப்பை இந்த அமைப்புகள் தாமே கணிப்பதில்லை. 1979-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கவுன்ட்டிதோறும் இயங்கும் மதிப்பீட்டு மாவட்டம்—அங்குள்ள தமிழர்கள் பேச்சில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்—ஜனவரி 1 அன்றைய சந்தை மதிப்பைக் கணித்து எல்லா வரி அமைப்புகளுக்கும் ஒரே பட்டியலாகத் தருகிறது. விலக்கு விண்ணப்பத்தைப் பெற்று முடிவு செய்வதும் இதே அலுவலகம்தான். வசந்த காலத்தில் மதிப்பீட்டு அறிவிப்பு வரும்; அக்டோபரை ஒட்டி வரிக் கேட்புச் சீட்டு வரும்; ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும்; பிப்ரவரி 1 முதல் அது நிலுவை. வீட்டுக் கடன் உள்ள பலருக்கு வங்கி மாதத் தவணையோடு சேர்த்து எஸ்க்ரோ எனும் ஒதுக்கீட்டுக் கணக்கில் பிடித்துக் கட்டிவிடுவதால், தாம் எவ்வளவு வரி கட்டுகிறோம், எந்த விலக்கு பதிவாகியிருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கவனிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு, அதாவது வீட்டு மதிப்பில் ஒரு தொகையை வரிக் கணக்கிலிருந்து கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு, முக்கியமாகப் பள்ளி வரிக்கே மாநிலம் முழுவதும் கட்டாயமாகப் பொருந்துகிறது. 1978-ல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தில் 5,000 டாலராகத் தொடங்கிய இத்தொகை, 1997-ல் 15,000 ஆகவும், 2015-ல் 25,000 ஆகவும், 2022-ல் 40,000 ஆகவும், 2023-ல் 1,00,000 ஆகவும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் 25,000 டாலரிலிருந்து 1,40,000 டாலருக்கு வந்த இந்த வேகம் வீட்டு விலை ஏறிய வேகத்தையும், அதனால் எழுந்த அரசியல் அழுத்தத்தையும் காட்டுகிறது. 65 வயதானவர்களுக்கும், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி உடல்திறன் இழந்தவர்களுக்கும் இதற்கு மேல் தரப்படும் கூடுதல் விலக்கோ பல பத்தாண்டுகள் 10,000 டாலரிலேயே நின்றிருந்து, 2025 வாக்கெடுப்பில்தான் 60,000 டாலராக உயர்ந்தது. ஆக, ஒரு முதியவரின் வீட்டு மதிப்பில் முதல் 2,00,000 டாலருக்கு இன்று பள்ளி வரி இல்லை.

நகராட்சியும் கவுன்ட்டியும் விரும்பினால் மதிப்பில் 20 சதவீதம் வரை பொதுவான விலக்கு தரலாம். முதியவர்களுக்கு 3,000 டாலருக்குக் குறையாத தனித் தொகையும் தரலாம். இவை உள்ளூர் மன்றங்களின் விருப்பத்தைப் பொறுத்தவை. அதனால் நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம் உள்ள வீட்டுக்கும் அந்தப் பக்கம் வேறொரு நகராட்சியில் உள்ள வீட்டுக்கும் விலக்கு வேறாக இருப்பது டெக்சாஸில் வெகு சாதாரணம்.

நான்கு வீடுகள்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர், நகராட்சி 60 சென்ட், கவுன்ட்டி 35 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கு எளிதாக இருக்க எடுத்துக்கொண்ட முழு எண்கள். கில்லீனின் உண்மையான விகிதங்கள் அல்ல. ஒரே தெருவில் நான்கு வீடுகள். ஒவ்வொன்றின் மதிப்பும் 2,50,000 டாலர். நகராட்சியும் கவுன்ட்டியும் பொதுவான விலக்கு எதுவும் தரவில்லை. முதியவர்களுக்கு மட்டும் ஆளுக்கு 10,000 டாலர் தருகின்றன.

முதல் வீட்டில் இரண்டு குழந்தைகளோடு ஓர் இளம் தம்பதி. பள்ளி வரி 1,10,000 டாலருக்கு மட்டும் கணக்கிடப்படுவதால் 1,100 டாலர், நகராட்சிக்கு 1,500, கவுன்ட்டிக்கு 875. ஆண்டுக்கு 3,475 டாலர் கட்டுகிறார்கள். இரண்டாவது வீட்டில் 68 வயதுப் பெண்மணி தனியே வசிக்கிறார். பள்ளி வரி 500, நகராட்சிக்கு 1,440, கவுன்ட்டிக்கு 840. மொத்தம் 2,780 டாலர். முதல் வீட்டைவிட 695 டாலர் குறைவு.

மூன்றாவது வீட்டில் இருப்பவர் முன்னாள் படைவீரர், வயது 50. முதுகுத்தண்டும் செவியும் முழங்காலும் பணிக்காலத்தில் பாதிக்கப்பட்டு, மத்திய அரசின் முன்னாள் படைவீரர் துறை அவருக்கு 90 சதவீதத் திறனிழப்பு மதிப்பீடு தந்திருக்கிறது. டெக்சாஸ் சட்டப்படி 10 முதல் 29 சதவீதம் வரை 5,000 டாலர், 30 முதல் 49 வரை 7,500, 50 முதல் 69 வரை 10,000, 70-ம் அதற்கு மேலும் 12,000 டாலர் விலக்கு எல்லா வரி அமைப்புகளிலும் கிடைக்கும். இவருக்கு 12,000. அதன் பயன் இந்த விகிதத்தில் ஆண்டுக்கு 234 டாலர். அவர் கட்டுவது 3,241 டாலர். நான்காவது வீட்டில் இருப்பவரும் முன்னாள் படைவீரர்தான். மதிப்பீடு 100 சதவீதம் என்பதால் வீட்டு மதிப்பு முழுவதற்கும் விலக்கு. அவர் கட்டுவது ஒன்றுமில்லை.

90 சதவீதத் திறனிழப்புக்கு 234 டாலர். 100 சதவீதத்துக்கு 3,475 டாலர். பத்து சதவீத இடைவெளியில் பயன் ஏறத்தாழ பதினைந்து மடங்காகிறது. டெக்சாஸ் விலக்குச் சட்டத்தில் இதைவிடச் செங்குத்தான சரிவு வேறு இல்லை.

இந்தச் சரிவு எப்படி வந்தது என்பதைச் சட்டத்தின் வரலாறு சொல்கிறது. படிநிலைத் தொகைகள் ஒரு காலத்தில் சட்டமாகி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு டாலரும் உயராமல் அப்படியே இருக்கின்றன. அவற்றின் உச்சமான 12,000 டாலர் அந்தக் காலத்து வீட்டு விலையில் ஓரளவு பொருளுள்ள தொகையாக இருந்தது. முழு விலக்கோ வேறு பாதையில் வந்தது. 2007 நவம்பரில் வாக்காளர்கள் அதற்கு அனுமதி தந்தார்கள். 2009-ல் சட்டமன்றம் அதைச் செயல்படுத்தியது. முழு விலக்கு மதிப்பின் மீது அமைந்ததால் வீட்டு விலையோடு தானே வளர்ந்தது. படிநிலை விலக்கு டாலர் எண்ணில் உறைந்துபோனதால், விலை ஏற ஏறச் சுருங்கியது. இரண்டுக்கும் இடையிலான பள்ளம் ஒவ்வோர் ஆண்டும் தானாகவே ஆழமாகிறது. பள்ளி விலக்கை 25,000-லிருந்து 1,40,000-க்கு உயர்த்திய சட்டமன்றம், இந்த 12,000-ஐத் தொடாமல் விட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திறனிழப்பு மதிப்பீட்டைக் கூட்டும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் கடுமை இன்னும் விளங்கும். முன்னாள் படைவீரர் துறை சதவீதங்களை நேரடியாகக் கூட்டுவதில்லை. ஒருவருக்கு 50 சதவீதம் ஒரு பாதிப்பு, 30 சதவீதம் இன்னொன்று என்றால் விடை 80 ஆகாது. முதல் பாதிப்புக்குப் பின் அவரிடம் 50 சதவீதத் திறன் மீதமிருக்கிறது. அந்த 50-ல் 30 சதவீதம், அதாவது 15, இழந்ததாகக் கொண்டு 65 என்று கணக்கிட்டு, அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கி 70 என்று தருவார்கள். இந்த முறையில் மேலே போகப் போக ஏறுவது கடினம். கணக்கில் 90-ஐ எட்டியவருக்கு 40 சதவீதத்தில் மற்றொரு பாதிப்பு சேர்ந்தால் மீதமுள்ள 10-ல் 4 மட்டுமே கூடி 94 ஆகும். முழுமையாக்கினால் அது 90 சதவீதமே. அதே பாதிப்பு 50 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டால் 95 ஆகி, 100 சதவீதமாக முழுமைபெறும். ஒரு மருத்துவப் பரிசோதனையில் 40-க்கும் 50-க்கும் இடையில் எழுதப்படும் எண், மூன்றாவது வீட்டுக்காரரை நான்காவது வீட்டுக்காரராக மாற்றிவிடுகிறது.

இந்தக் கடுமையைச் சற்றே தணிக்கும் வழி ஒன்றும் சட்டத்திலேயே இருக்கிறது. மதிப்பீடு 100-ஐ எட்டாவிட்டாலும், பணியில் பெற்ற பாதிப்பால் வருவாய் தரும் வேலையைத் தொடர்ந்து செய்ய இயலாதவர் என்று முன்னாள் படைவீரர் துறை ஏற்று 100 சதவீத நிலைக்கு உரிய உதவித்தொகை தந்தால், டெக்சாஸ் அவருக்கும் முழு விலக்கு தருகிறது. ஒரே பாதிப்பு குறைந்தது 60 சதவீதமாகவோ, பல பாதிப்புகள் சேர்ந்து குறைந்தது 70 சதவீதமாகவும் அவற்றில் ஒன்று குறைந்தது 40 சதவீதமாகவும் இருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்ய முடியாமல் வீட்டிலிருந்தும் இந்த வழி இருப்பதே தெரியாமல் 12,000 டாலர் விலக்கோடு நின்றுவிடுபவருக்கு இழப்பு பெரிது.

முதியவர்களின் உச்சவரம்பு

முதியவர்களுக்கான டாலர் விலக்கைவிட மதிப்புள்ளது பள்ளி வரி உச்சவரம்பு. ஒருவர் 65 வயதை எட்டி விலக்குப் பெறும் ஆண்டில் அவரது பள்ளி வரி எவ்வளவோ, அதுவே அந்த வீட்டுக்கு அவர் கட்டவேண்டிய அதிகபட்சத் தொகையாக நின்றுவிடும். வீட்டு விலை இரட்டிப்பானாலும் வரி அந்தக் கோட்டைத் தாண்டாது; விலக்கு கூடினால் கோடு கீழே இறங்கலாம். புதிதாக ஓர் அறையோ நீச்சல் குளமோ கட்டினால் அந்தக் கட்டுமானத்தின் அளவுக்கு மட்டும் கோடு உயரும். கூரையை மாற்றுவது போன்ற பழுதுபார்ப்பு இதில் சேராது. நகராட்சியும் கவுன்ட்டியும் இதே போன்ற உச்சவரம்பை விரும்பி ஏற்கலாம். ஒருமுறை ஏற்றால் பிறகு திரும்பப் பெற முடியாது.

வீடு மாறினாலும் இந்த உச்சவரம்பு கூடவே வரும். தொகையாக வராது, விகிதமாக வரும். உச்சவரம்பு இல்லாவிட்டால் 1,500 டாலர் கட்டவேண்டிய ஒருவர் அதனால் 600 டாலர் மட்டும் கட்டுகிறார் என்றால் அது 40 சதவீதம். அவர் வாங்கும் புதிய வீட்டுக்குப் பள்ளி வரி 2,000 டாலர் என்றால் புதிய உச்சவரம்பு 800 டாலர். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு மருத்துவமனைக்கு அருகே சிறிய வீட்டுக்கு மாறும் தம்பதிகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் பழைய கவுன்ட்டியின் மதிப்பீட்டு மாவட்டத்திலிருந்து சான்று வாங்கிப் புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். கேட்காதவருக்கு இது தானாக வருவதில்லை.

கணவரோ மனைவியோ இறந்தால், உயிரோடிருப்பவருக்கு 55 வயது நிறைந்திருந்து அதே வீட்டில் தொடர்ந்து வசித்தால் உச்சவரம்பு நீடிக்கும். 54 வயதில் விதவையானவருக்கு நீடிக்காது. குடும்பத்தின் வருமானம் பாதியாகக் குறையும் அதே ஆண்டில் வரி மட்டும் உயர வழிசெய்யும் இந்த ஓராண்டு வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க காரணம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

கையில் பணமே இல்லாதவர்களுக்கு வரியைத் தள்ளிவைக்கும் உரிமையும் உண்டு. 65 வயதானவரோ, உடல்திறன் இழந்தவரோ, திறனிழப்பு மதிப்பீடு பெற்ற முன்னாள் படைவீரரோ மதிப்பீட்டு மாவட்டத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அவர் அந்த வீட்டில் வசிக்கும்வரை வரிக்காக வீட்டை ஏலம்விட முடியாது. வரி தள்ளுபடி ஆவதில்லை. ஆண்டுக்கு 5 சதவீத வட்டியோடு சேர்ந்துகொண்டே போய், வீடு கைமாறிய அல்லது அவர் அங்கே வசிப்பதை நிறுத்திய 181-ஆம் நாளில் வாரிசுகளின் தலையில் வந்து நிற்கும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கி தானே வரியைக் கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்பதால், கடனை முடித்த வீட்டுக்கே இது முழுமையாக உதவும். நான்கு தவணையாகக் கட்டும் வசதியும் இதே பிரிவினருக்கு உண்டு. வட்டியோ அபராதமோ இல்லாத அந்த வழியை முதலில் யோசித்துவிட்டுத் தள்ளிவைப்பைப் பற்றிப் பேசுவதே நல்லது.

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் புறநகர்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே ஒரு செய்தி இருக்கிறது. பெற்றோரை அழைத்துவந்து உடன் வைத்திருப்பவர்கள், அப்பாவுக்கு 70 வயதாகிவிட்டதால் முதியோர் விலக்கு கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. விலக்கு உரிமையாளருக்கே உரியது. வீட்டில் வசிக்கும் முதியவர் பத்திரத்தில் உரிமையாளராக இல்லாவிட்டால் கிடைக்காது. விலக்குக்காக மட்டும் பெற்றோர் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பது கடன் ஒப்பந்தம், வாரிசுரிமை, பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வரும் வரி எல்லாவற்றையும் தொடும் முடிவு என்பதால் வழக்கறிஞரிடம் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: ஒரு வீட்டுக்குத்தான் ஹோம்ஸ்டெட் விலக்கு. புதிய வீட்டுக்குக் குடிபோய், பழைய வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் பழைய வீட்டின் விலக்கை நீக்காமல் விட்டால், பின்னாளில் கண்டுபிடிக்கப்படும்போது விட்டுப்போன ஆண்டுகளின் வரியும் சேர்ந்து வரும். 2023-ல் வந்த சட்டப்படி மதிப்பீட்டு மாவட்டங்கள் ஒவ்வொரு ஹோம்ஸ்டெட் விலக்கையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்கக் கடமைப்பட்டிருக்கின்றன. அப்போது அனுப்பப்படும் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டால், தகுதியுள்ளவரின் விலக்கும் ரத்தாகக்கூடும்.

கேட்டால்தான் கிடைக்கும்

மேலே சொன்ன எல்லா விலக்குகளும் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். படிவம் 50-114 குடியிருப்பு விலக்குக்கு. 50-135 படைவீரர்களின் படிநிலை விலக்குக்கு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வீட்டு முகவரியும் ஓட்டுநர் உரிமத்திலுள்ள முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் விண்ணப்பங்கள் தடுக்கி விழுவதுண்டு. வீடு வாங்கியதும் உரிமத்தில் முகவரியை மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர் விலக்கையும் தள்ளிப்போடுகிறார். புதிதாக வீடு வாங்குபவர்களுக்குப் பணம் கேட்டு, அரசுக் கடிதம் போலவே தோற்றம் தரும் தனியார் கடிதங்கள் வருகின்றன. அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு மதிப்பீட்டு மாவட்டத்தின் படிவத்தையே நிரப்ப வேண்டும். இன்னொரு காரணத்துக்காகவும் தாமதிக்கக் கூடாது. ஹோம்ஸ்டெட் விலக்குப் பெற்ற ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான், வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்ற பாதுகாப்பு தொடங்குகிறது.

ஏப்ரல் 30 கெடு. தவறவிட்டவர்கள் குடியிருப்பு விலக்கை வரி நிலுவையாகும் நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரையும், படைவீரர்களின் படிநிலை விலக்கை 5 ஆண்டுகள் வரையும் கேட்கலாம். 100 சதவீத மதிப்பீடு ஆண்டின் நடுவில் வந்தால், அந்த நாளிலிருந்தே முழு விலக்கு கணக்கிடப்படும். மதிப்பீட்டுக் கடிதத்தின் நகல்தான் முக்கிய ஆதாரம்.

விதவைகளின் உரிமை தேதியில் சிக்கியிருந்த கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். முழு விலக்கு பெற்ற படைவீரர் இறந்தால் அவரது வாழ்க்கைத்துணைக்கு அது தொடரலாம் என்ற திருத்தம் 2011-ல்தான் வந்தது. ஆனால் முழு விலக்குச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இறந்த படைவீரர்களின் துணைகள், கணவரோ மனைவியோ அதே அளவு பாதிக்கப்பட்டிருந்தும், விலக்குக்கு வெளியே நின்றார்கள். அவர்களையும் சேர்க்க 2015-ல் மற்றொரு வாக்கெடுப்பு தேவைப்பட்டது. போரில் மிக மோசமாகக் காயமடைந்தவர்களில் பலர் சட்டம் வரும்வரை உயிரோடிருக்கவில்லை என்பதை நினைத்தால், அந்த இடைவெளி ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் கட்டிய வரி மனதை உறுத்துகிறது. துணை மறுமணம் செய்துகொள்ளாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்றும் தொடர்கிறது.

இழப்பு யாருக்கு

நான்காவது வீட்டுக்குத் திரும்புவோம். அந்த வீட்டுக்கும் தீயணைப்பு வண்டி வரும், தெருவிளக்கு எரிகிறது. இந்தச் செலவை நகராட்சி மற்ற மூன்று வீடுகளின் வரியிலிருந்தும் விற்பனை வரியிலிருந்தும்தான் ஈடுகட்ட வேண்டும். டல்லாஸ் போன்ற பெருநகரத்தில் முழு விலக்குப் பெற்ற வீடுகள் ஆயிரக்கணக்கான வீடுகளிடையே கரைந்துபோகும். கில்லீனிலும் அதன் பக்கத்து ஊர்களான கோப்பரஸ் கோவ், ஹார்க்கர் ஹைட்ஸ் ஆகியவற்றிலும் அப்படிக் கரைவதில்லை. படைத்தளத்தின் பரந்த நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமானது. அதன் மீது வரி விதிக்க முடியாது. அங்கிருந்து ஓய்வு பெற்று ஊருக்குள் வீடு வாங்குபவர்களில் கணிசமானோர் முழு விலக்குக்குத் தகுதியானவர்கள். ஊர் வளர்கிறது, வீடுகள் கூடுகின்றன, வரி அந்த வேகத்தில் கூடுவதில்லை.

பள்ளி மாவட்டங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. விலக்கினால் வரிக்குரிய மதிப்பு குறைந்தால், மாநிலத்தின் பள்ளி நிதிச் சூத்திரம் அதைக் கணக்கிலெடுத்து இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. நகராட்சிக்கும் கவுன்ட்டிக்கும் அப்படிப்பட்ட சூத்திரம் இல்லை. இதைச் சரிசெய்ய 2015-ல் சட்டமன்றம் ஓர் உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. படைத்தளத்தை ஒட்டிய நகராட்சிகளும், படைத்தளம் அமைந்த கவுன்ட்டிகளும், முழு விலக்கினால் இழக்கும் வருவாய் தமது பொது நிதியில் 2 சதவீதத்தை எட்டினால் மாநில நிதித்துறையிடம் ஈடு கேட்கலாம். திட்டத்தின் நோக்கம் சரியானது. ஆனால் ஈடு, சட்டமன்றம் ஒதுக்கும் மொத்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். கோரிக்கைகள் அதைத் தாண்டினால் எல்லாருக்கும் விகிதப்படி வெட்டப்படும். கில்லீனும் பெல் கவுன்ட்டியும் இழப்பில் ஒரு பகுதியைத்தான் திரும்பப் பெறுகின்றன என்பதை ஆஸ்டினில் தொடர்ந்து முறையிட்டு வந்திருக்கின்றன.

வரி விகிதத்தை உயர்த்தி ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். 2019-ல் வந்த சட்டப்படி நகராட்சியும் கவுன்ட்டியும் நடைமுறைச் செலவுக்கான சொத்து வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முயன்றால் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தாலும் அந்த உயர்வு முதல் மூன்று வீடுகளின் மீதே விழும். 90 சதவீத மதிப்பீடு உள்ள மூன்றாவது வீட்டுப் படைவீரரும் நான்காவது வீட்டுப் படைவீரரின் பங்கைச் சேர்த்துக் கட்டுவார். நாட்டுக்காக உடல்நலம் இழந்தவருக்கு மாநிலம் செலுத்தும் மரியாதையை, அதே போல் உடல்நலம் இழந்த பக்கத்து வீட்டுக்காரர் பகுதியளவில் செலுத்துகிறார் என்பதே இதன் பொருள். முழு விலக்கை நான் குறைக்கச் சொல்லவில்லை. அதன் செலவை மாநிலக் கருவூலம் முழுமையாக ஏற்க வேண்டும் என்றும், 12,000 டாலரை மதிப்பின் சதவீதமாக மாற்றி, 70, 80, 90 என்று படிப்படியாக ஏறும் விலக்காக அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

2025 நவம்பரில் டெக்சாஸ் வாக்காளர்கள் மேலும் ஒரு திருத்தத்தை ஏற்றார்கள். நச்சுப் பொருட்களுக்கு ஆட்பட்டதன் விளைவு போன்ற, பணியால் வந்ததாக மத்தியச் சட்டம் அனுமானிக்கும் நோயால் இறந்த படைவீரர்களின் வாழ்க்கைத்துணைக்கும் குடியிருப்பு விலக்கு தர அது வழிசெய்கிறது. உயிரோடிருந்தபோது 100 சதவீத மதிப்பீடு கிடைக்காமலே போனவர்களின் குடும்பங்களுக்கு இது தாமதமாக வந்த நீதி. அந்தக் குடும்பங்களில் பலவும் படைத்தளங்களை ஒட்டிய ஊர்களிலேயே வாழ்கின்றன. 2015-ஆம் ஆண்டு உதவித் திட்டத்தின் ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் அதற்கேற்ப உயர்த்தாவிட்டால், கில்லீன் நகரமன்றம் அடுத்தடுத்த வரவுசெலவுத் திட்டங்களில் அந்த இடைவெளியைத் தன் சாலைகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும்தான் தேட வேண்டியிருக்கும்.